பூட்டிய மெய்நிகர் இயந்திரம் திறக்கவில்லையா? கேவிஎம், லக்ஸ் பிழைகளை அறிகுறி பார்த்துச் சரிசெய்வது

லினக்ஸில் கேவிஎம் (கர்னலின் மெய்நிகராக்க வசதி), லிப்விர்ட் (அதை நிர்வகிக்கும் சேவை) இரண்டையும் வைத்து மெய்நிகர் இயந்திரங்களை (சுருக்கமாக விஎம்) ஓட்டுபவர்களுக்காக இதை எழுதுகிறேன். வட்டு ஒரு க்யூகவ்2 கோப்பு (மெய்நிகர் வட்டுக்கான கோப்பு வடிவம்), அதற்குள் லக்ஸ் குறியாக்கம் (லினக்ஸின் வட்டுப் பூட்டு), வேலை எல்லாம் டெர்மினலில். க்யூகவ்2 கோப்புக்குள்ளேயே லக்ஸ் வைக்கும் வசதி 2017-ல், விஎம்மை உண்மையில் ஓட்டும் மென்பொருளான கியூஎமுவின் 2.10 பதிப்போடு வந்தது. அதற்குப் பிந்தைய எந்தப் பதிப்பு இருந்தாலும் கீழே சொல்வதில் பெரும்பகுதி பொருந்தும். கட்டளைகளை ஒலிப்பு பார்த்துத் தமிழில் எழுதியிருக்கிறேன். தட்டும்போது ஆங்கில எழுத்தில் தட்டிக்கொள்ளுங்கள்.

இத்தனை வருடங்களில் என்னிடம் வந்த "வட்டு திறக்கவில்லை" புகார்களில் பூட்டே கெட்டுப்போயிருந்தது மிகவும் அரிது. கடவுச்சொல் கியூஎமுவின் கைக்குப் போய்ச் சேரும் வழியில்தான் ஏதோ ஒன்று அதில் ஒட்டியிருக்கும், அல்லது அதிலிருந்து உதிர்ந்திருக்கும். அதனால் பிழைச் செய்தி வந்ததும் வட்டின் மேல் கைவைக்காதீர்கள். முதலில் சாவியைப் பாருங்கள்.

எதையும் தொடுவதற்கு முன்

விஎம் இப்போது ஓடிக்கொண்டிருக்கிறது, கடவுச்சொல் மட்டும் தொலைந்துவிட்டது என்றால் அதை நிறுத்தாதீர்கள். நேராகக் கடைசிப் பகுதிக்குப் போங்கள்.

மற்றவர்கள் விஎம் நின்றிருக்கிறதா என்று லிப்விர்ட்டின் கட்டளைக் கருவியான விர்ஷில் 'விர்ஷ் லிஸ்ட் --ஆல்' போட்டு உறுதிசெய்துகொண்டு, வட்டுக் கோப்பை அப்படியே வேறொரு இடத்துக்கு நகலெடுத்து வையுங்கள். லக்ஸின் தலைப்பகுதியும் சாவித் துளைகளும் (கீஸ்லாட், கடவுச்சொல் ஒவ்வொன்றுக்கும் ஓர் இடம்) அந்தக் கோப்புக்குள்தான் இருக்கின்றன. அந்தச் சின்னப் பகுதி சிதைந்தால் மீதி எத்தனை ஜிபி இருந்தும் பயனில்லை.

இன்னொன்று. 'கியூஎமு-இமேஜ் கிரியேட்' கட்டளைக்கு ஏற்கெனவே இருக்கும் கோப்பின் பெயரைக் கொடுத்தால், "இது இருக்கிறதே, அழிக்கட்டுமா" என்று அது கேட்காது. பழையதை அழித்துவிட்டுப் புதிய காலி வட்டை உருவாக்கிவிடும். பதற்றத்தில் பழைய கட்டளையை மேல் அம்புக்குறியால் வரவழைத்து எண்டரைத் தட்டுவது மிகவும் எளிது. பிழை தேடும் நேரத்தில் இந்த ஒரு கட்டளையை மட்டும் கையில் எடுக்காதீர்கள்.

வட்டு உண்மையிலேயே பூட்டப்பட்டதுதானா என்று அறிய 'கியூஎமு-இமேஜ் இன்ஃபோ' போதும். அதற்குக் கடவுச்சொல் தேவையில்லை. 'என்க்ரிப்டட்: எஸ்' என்ற வரியும், அதன் கீழே எந்தச் சாவித் துளைகள் பயன்பாட்டில் உள்ளன என்ற விவரமும் வரும். லக்ஸின் முதல் பதிப்பில் 0 முதல் 7 வரை மொத்தம் 8 துளைகள். ஒரே வட்டுக்கு 8 வெவ்வேறு கடவுச்சொற்கள் வரை வைக்கலாம்.

அறிகுறி: "இன்வாலிட் பாஸ்வேர்ட், கேனாட் அன்லாக் எனி கீஸ்லாட்"

கடவுச்சொல் சரிதான் என்று உங்களுக்கு நிச்சயமாகத் தெரியும். ஆனாலும் இந்தச் செய்தி வருகிறது. மனிதரை மிகவும் சோர்வடைய வைப்பது இதுதான், அதனால் இதில் கொஞ்சம் நிதானமாகப் போவோம்.

சாவிக் கோப்பை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் 12 எழுத்துள்ள கடவுச்சொல் இருப்பதாக வைத்துக்கொள்வோம். 'டபிள்யூசி -சி' போட்டு எத்தனை பைட் என்று எண்ணுங்கள். 12 என்று வந்தால் நல்லது. 13 என்று வந்தால் கடைசியில் கண்ணுக்குத் தெரியாத ஒரு வரிமுறிவு உட்கார்ந்திருக்கிறது. 14 என்று வந்தால் பெரும்பாலும் அந்தக் கோப்பு விண்டோஸில் எழுதிச் சேமித்தது, வரிமுறிவுக்கே இரண்டு பைட். 'ஓடி -சி' போட்டுப் பார்த்தால் ஒவ்வொரு எழுத்தும் தனித்தனியாக வரும். கடைசியில் பின்சாய்வோடு ஒரு 'என்' தெரிந்தால் அதுதான் வரிமுறிவு.

'எக்கோ' கட்டளையால் எழுதிய கோப்பில் இந்த வரிமுறிவு தானாகவே சேரும். டெக்ஸ்ட் எடிட்டரில் எழுதினாலும் பெரும்பாலும் சேரும். கியூஎமு கோப்பில் உள்ள எல்லா பைட்டையும் கடவுச்சொல்லாகவே எடுத்துக்கொள்கிறது, கடைசி வரிமுறிவை நறுக்குவதில்லை. வரிமுறிவு சேராமல் எழுத 'பிரின்ட்எஃப்' கட்டளையில் சதவீதக்குறி-எஸ் வடிவத்தைப் பயன்படுத்துங்கள்.

இங்கே ஒரு திருப்பம் உண்டு. வட்டை உருவாக்கிய அன்றைக்கே வரிமுறிவோடு கூடிய கோப்பைக் கொடுத்திருந்தால், அந்த வரிமுறிவும் கடவுச்சொல்லின் பகுதியாகிவிட்டது. அப்போது சுத்தமான 12 பைட் கோப்பைக் கொடுத்தால்தான் திறக்காது! ஆகவே இரண்டு கோப்பு தயார் செய்யுங்கள், ஒன்று வரிமுறிவு இல்லாமல், ஒன்று வரிமுறிவோடு. இரண்டையும் சோதித்துப் பாருங்கள். விஎம்மைக் கிளப்பாமல், எதையும் எழுதாமல் சோதிக்க ஒரு வழி இருக்கிறது:

கியூஎமு-ஐஓ -ஆர் --ஆப்ஜெக்ட் சீக்ரெட்,ஐடி=சாவி0,ஃபைல்=சாவி.டிஎக்ஸ்டி -சி "ரீட் 0 512" --இமேஜ்-ஆப்ட்ஸ் டிரைவர்=க்யூகவ்2,ஃபைல்.ஃபைல்நேம்=வட்டு.க்யூகவ்2,என்க்ரிப்ட்.கீ-சீக்ரெட்=சாவி0

முதல் 512 பைட்டைப் படித்ததாகச் செய்தி வந்தால் சாவி சரி. '-ஆர்' போட்டிருப்பதால் வட்டில் எதுவும் மாறாது.

வரிமுறிவோடு உள்ள கோப்புதான் திறக்கிறது என்றால் அப்படியே விட்டுவைக்காதீர்கள். அடுத்த வருடம் வேறொருவர் அந்தக் கடவுச்சொல்லைக் கையால் தட்டப் பார்த்து இதே சுழலில் மாட்டுவார். 2020-ல் வந்த கியூஎமு 5.1 முதல் 'கியூஎமு-இமேஜ் அமெண்ட்' கொண்டு சாவித் துளைகளை மாற்ற முடியும். பழைய சாவியால் திறந்து, 'என்க்ரிப்ட்.ஸ்டேட்=ஆக்டிவ்' என்றும் புதிய சாவியை 'என்க்ரிப்ட்.நியூ-சீக்ரெட்' என்றும் கொடுத்தால், காலியாக இருக்கும் முதல் துளையில் புதிய சாவி ஏறிவிடும். ஏற்கெனவே பயன்பாட்டில் உள்ள துளை எண்ணைக் கொடுத்தால் மேலே எழுத மறுக்கும். அது நல்லதுதான், அதை மீற முயல வேண்டாம். புதிய சாவியால் 512 பைட் படிக்க முடிகிறது என்று பார்த்த பிறகே பழைய துளையை 'இன்ஆக்டிவ்' ஆக்குங்கள்.

லிப்விர்ட் கடவுச்சொல்லை 'சீக்ரெட்' என்ற பதிவாக வைத்துக்கொள்கிறது. அதன் வழியாகப் போகும்போது இன்னொரு சிக்கல் சேரும், அதன் பெயர் பேஸ்64 (பைட்டுகளைச் சாதாரண எழுத்துகளாக மாற்றி எழுதும் முறை). 'விர்ஷ் சீக்ரெட்-செட்-வேல்யூ' எதிர்பார்ப்பது பேஸ்64 வடிவத்தில் மாற்றிய கடவுச்சொல்லை. நீங்கள் வெறும் கடவுச்சொல்லைக் கொடுத்தால் அது பிழை சொல்லாமல் போக வாய்ப்பு உண்டு. எழுத்தும் எண்ணும் மட்டுமே உள்ள 12 எழுத்துச் சொல்லை பேஸ்64 என்று நினைத்து அவிழ்த்தால் சம்பந்தமே இல்லாத 9 பைட் கிடைக்கும். அதுவே சாவியாகப் பதிவாகிவிடும். பதிவு செய்தபோது எல்லாம் நல்லபடியாக முடிந்ததாகச் செய்தி வந்தது, விஎம் மட்டும் கிளம்பவில்லை என்றால் இங்கே தேடுங்கள்.

பேஸ்64-க்கு மாற்றும்போதும் 'எக்கோ'வின் வரிமுறிவு உள்ளே போய்விடும். மாற்றி வந்த சரம் பெரிய சி, சிறிய ஜி, இரண்டு சமக்குறி என்று முடிந்தால் அது வரிமுறிவின் கைரேகை. கடவுச்சொல்லின் நீளம் மூன்றால் வகுபடும்போது இது அப்படியே கண்ணில் படும்.

பேஸ்64-ஐயே ஒதுக்கிவிடலாம் என்பது என் கருத்து. '--ஃபைல்' உடன் '--பிளெயின்' சேர்த்துக் கொடுத்தால் கோப்பில் உள்ளதை அப்படியே எடுத்துக்கொள்ளும், '--இன்ட்டராக்டிவ்' போட்டால் டெர்மினலிலேயே கேட்கும். கட்டளை வரியில் நேரடியாகக் கடவுச்சொல்லை எழுத வேண்டாம். ஷெல்லின் வரலாற்றுக் கோப்பில் அது தங்கிவிடும், கட்டளை ஓடும் நேரத்தில் 'பிஎஸ்' போடும் யார் கண்ணிலும் படும். கியூஎமுவின் 'சீக்ரெட்' பொருளில் 'டேட்டா=' என்று எழுதாமல் 'ஃபைல்=' என்று எழுதச் சொல்வதும் இதற்காகத்தான்.

நம் ஊர்க்காரர்களுக்கு மட்டும் ஒரு விஷயம். டெஸ்க்டாப்பில் ஐபஸ் வைத்துத் தமிழ்99 பயன்படுத்துபவர்கள், கடவுச்சொல் கேட்கும்போது விசைப்பலகை எந்த மொழியில் இருக்கிறது என்று ஒரு முறை பாருங்கள். தட்டுவது திரையில் தெரியாததால், ஆங்கில எழுத்துக்குப் பதில் தமிழ் எழுத்து போவது தெரியாது.

அறிகுறி: "பாராமீட்டர் என்க்ரிப்ட்.கீ-சீக்ரெட் இஸ் ரெக்வயர்ட் ஃபார் சைஃபர்"

சாவி தவறு என்று இது சொல்லவில்லை, சாவியே வரவில்லை என்கிறது. வட்டுக் கோப்பின் பெயரை மட்டும் கொடுத்தால் சாவியைச் சேர்த்துச் சொல்ல இடமே கிடையாது. 'இமேஜ்-ஆப்ட்ஸ்' வடிவத்தில் எழுத வேண்டும். குறியாக்கத்தை நீக்கிச் சாதாரண வட்டாக்கும் கட்டளையை முழுதாகத் தருகிறேன்:

கியூஎமு-இமேஜ் கன்வர்ட் --ஆப்ஜெக்ட் சீக்ரெட்,ஐடி=சாவி0,ஃபைல்=சாவி.டிஎக்ஸ்டி --இமேஜ்-ஆப்ட்ஸ் டிரைவர்=க்யூகவ்2,ஃபைல்.ஃபைல்நேம்=வட்டு.க்யூகவ்2,என்க்ரிப்ட்.கீ-சீக்ரெட்=சாவி0 -ஓ க்யூகவ்2 திறந்தது.க்யூகவ்2

அந்த '-ஓ' பெரிய எழுத்து. சாதாரண வட்டைப் பூட்டும்போது இதையே திருப்பிப் போடுவோம். மூலக் கோப்பின் பெயரைச் சாதாரணமாகக் கொடுத்துவிட்டு, சிறிய '-ஓ' போட்டு 'என்க்ரிப்ட்.ஃபார்மட்=லக்ஸ்,என்க்ரிப்ட்.கீ-சீக்ரெட்=சாவி0' என்று எழுதுவோம்.

லிப்விர்ட்டில் இதே செய்தி வந்தால், 'விர்ஷ் எடிட்' திறந்து, அந்த வட்டின் 'டிஸ்க்' பகுதிக்குள் 'என்க்ரிப்ஷன்' என்ற உறுப்பும் அதற்குள் சீக்ரெட்டின் யூயூஐடியும் (அதன் தனி அடையாள எண்) இருக்கிறதா என்று பாருங்கள். ஏற்கெனவே உள்ள வட்டைப் புதிய விஎம்மில் இணைக்கும்போது இது விட்டுப்போவது வழக்கம்.

தலைகீழாகவும் நடக்கும். குறியாக்கத்தை நீக்கிவிட்டீர்கள், விஎம்மின் அமைப்பைச் சொல்லும் எக்ஸ்எம்எல்லில் 'என்க்ரிப்ஷன்' உறுப்பு அப்படியே கிடக்கிறது. அப்போது வட்டின் தலைப்பில் குறியாக்கமே இல்லை, ஆனால் லக்ஸ் என்று சொல்லியிருக்கிறீர்களே என்று செய்தி வரும். உறுப்பை நீக்கினால் போதும், வட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை.

அறிகுறி: நேற்றுவரை ஓடியது, ஹோஸ்டை (விஎம் ஓடும் நிஜக் கணினியை) ரீபூட் செய்ததும் "சீக்ரெட் நாட் ஃபவுண்ட்"

ஒரு சிறிய அலுவலகத்தில் நடந்தது. இரவு மின்சாரம் போய், யுபிஎஸ்ஸும் தீர்ந்து, சர்வர் நின்றுவிட்டது. காலையில் ஹோஸ்ட் எழுந்தது, கணக்கு மென்பொருள் இருந்த விஎம் எழவில்லை. நான் போய்ச் சேர்ந்தபோது, வட்டு கெட்டுவிட்டது என்று முடிவு கட்டி, அதே பெயரில் புதிய வட்டை உருவாக்கக் கட்டளையைத் தட்டி வைத்திருந்தார் அங்கிருந்த தம்பி. எண்டர் மட்டும்தான் பாக்கி. "தம்பி, கையை எடுங்க" என்று சொன்ன என் குரல் எனக்கே வேறு யாருடைய குரலோ போல இருந்தது. வட்டு நன்றாகத்தான் இருந்தது. சீக்ரெட்டை உருவாக்கிய எக்ஸ்எம்எல்லில் 'எஃபெமரல்=எஸ்' என்று இருந்தது, அவ்வளவுதான்.

எஃபெமரல் என்றால் சாவி நினைவகத்தில் மட்டும் இருக்கும். லிப்விர்ட் சேவை நின்றால் அதுவும் போய்விடும். 'விர்ஷ் சீக்ரெட்-லிஸ்ட்' போட்டுப் பாருங்கள். யூயூஐடி பட்டியலிலேயே இல்லை என்றால், விஎம்மின் எக்ஸ்எம்எல்லில் உள்ள அதே யூயூஐடியைப் போட்டு 'சீக்ரெட்-டிஃபைன்' செய்து, பிறகு மதிப்பைக் கொடுங்கள். யூயூஐடி இருக்கிறது, ஆனால் 'டஸ் நாட் ஹேவ் எ வேல்யூ' என்று வருகிறது என்றால் மதிப்பை மட்டும் கொடுத்தால் போதும்.

பட்டியல் காலியாக வந்தால் இன்னொன்றையும் சரிபாருங்கள். ரூட் அல்லாத பயனராக விர்ஷ் போட்டால் அது பெரும்பாலும் 'செஷன்' இணைப்புக்குப் போகும். சீக்ரெட்டுகள் 'சிஸ்டம்' இணைப்பில் இருக்கும். '-சி கியூஎமு:///சிஸ்டம்' சேர்த்துப் பார்த்தால் எல்லாம் அங்கேயே இருக்கக்கூடும்.

விஎம்மை வேறு ஹோஸ்டுக்கு மாற்றும்போதும் இதே செய்திதான். 'டம்ப்எக்ஸ்எம்எல்' எடுத்துப் போனால் யூயூஐடி மட்டும் போகும், சாவி போகாது. அங்கே அதே யூயூஐடியில் சீக்ரெட்டை மறுபடி உருவாக்க வேண்டும்.

அப்படியென்றால் 'எஃபெமரல்=நோ' வைத்துவிடலாமே என்று கேட்பீர்கள். வைக்கலாம், ஆனால் என்ன கிடைக்கிறது, என்ன போகிறது என்று தெரிந்து வையுங்கள். பல ஆண்டுகளாகப் புழக்கத்தில் உள்ள லிப்விர்ட் பதிப்புகளில் அந்தச் சாவி '/இடிசி/லிப்விர்ட்/சீக்ரெட்ஸ்' அடைவில் பேஸ்64 கோப்பாகக் கிடக்கும். பேஸ்64 வெறும் எழுத்து மாற்றம்தான், ரூட் அனுமதி உள்ள எவரும் ஒரே கட்டளையில் படிக்கலாம். ஹோஸ்டின் வட்டே முழுக்கக் குறியாக்கம் செய்யப்பட்டிருந்தால் இது ஏற்கத்தக்கது. இல்லாவிட்டால், பெட்டியோடு சர்வரைத் தூக்கிப் போனவர் கையில் பூட்டும் சாவியும் சேர்ந்தே போகிறது. அந்த இடத்தில் நான் எஃபெமரலைத்தான் வைப்பேன். விஎம் தானாகக் கிளம்பாது, ரீபூட்டுக்குப் பிறகு ஒருவர் வந்து கடவுச்சொல் கொடுக்க வேண்டும். அந்தச் சிரமத்துக்கு மதிப்பு உண்டு. கடவுச்சொல்லை அல்ல, ரீபூட்டுக்குப் பிறகு அதைக் கொடுக்க வேண்டும் என்பதை ஒரு தாளில் எழுதி, மறுநாள் காலையில் வருபவர் கண்ணில் படும்படி வைப்பதும் நம் பொறுப்பு.

அறிகுறி: "ஃபெயில்ட் டு கெட் ரைட் லாக்"

விஎம் ஓடிக்கொண்டிருக்கிறது, அல்லது முன்பு இணைத்த 'கியூஎமு-என்பிடி' (வட்டுக் கோப்பை ஹோஸ்டில் இணைக்கும் கருவி) இன்னும் விடவில்லை. 'எல்எஸ்ஓஎஃப்' போட்டால் யார் பிடித்திருக்கிறார்கள் என்று தெரியும். '-யு' (பெரிய எழுத்து) போட்டுப் பூட்டை மீறி 'இன்ஃபோ' பார்ப்பதில் தவறில்லை. அதே '-யு' போட்டு ஓடும் வட்டை 'கன்வர்ட்' செய்யாதீர்கள். பாதி பழையதும் பாதி புதியதுமான நகல் வரும், அது தெரியவருவது பல நாள் கழித்துத்தான்.

அறிகுறி: பாதியில் இடம் தீர்ந்துவிட்டது

இங்கே சொல்லும் 'கன்வர்ட்' வழியில் வட்டு இருந்த இடத்திலேயே மாறாது. பழையதும் புதியதும் ஒரே நேரத்தில் இருக்க இடம் வேண்டும். எவ்வளவு வேண்டும் என்று 'கியூஎமு-இமேஜ் மெஷர்' முன்கூட்டியே சொல்லும். '-சி' போட்டுச் சுருக்கிக்கொள்ளலாம் என்று பார்த்தால், சுருக்கமும் குறியாக்கமும் சேர்ந்து வராது என்று மறுத்துவிடும்.

அறிகுறி: "லக்ஸ் வெர்ஷன் 2 இஸ் நாட் சப்போர்ட்டட்"

வட்டை லினக்ஸின் லக்ஸ் கருவியான கிரிப்ட்செட்டப் கொண்டு உருவாக்கியிருப்பீர்கள். 2019-ல் வந்த அதன் 2.1 பதிப்பு முதல், எதுவும் சொல்லாவிட்டால் லக்ஸ்2 தான் உருவாகும். கியூஎமுவுக்குத் தெரிந்தது லக்ஸ்1. புதிதாக உருவாக்கும்போது '--டைப் லக்ஸ்1' கொடுங்கள். ஏற்கெனவே தரவு உள்ளே இருந்தால், ஹோஸ்டிலேயே கிரிப்ட்செட்டப்பால் திறந்து, '/டெவ்/மேப்பர்' கீழே வரும் சாதனத்தை விஎம்முக்குக் கொடுத்துவிடலாம்.

மிகப் பழைய க்யூகவ் வட்டுகளில் ஏஇஎஸ்-சிபிசி என்ற வேறு குறியாக்கம் இருக்கும். அதை விஎம்மில் நேராக ஓட்ட கியூஎமு இப்போது அனுமதிப்பதில்லை. 'கன்வர்ட்' கொண்டு தரவை வெளியே எடுத்து லக்ஸுக்கு மாற்றுவதுதான் வழி.

அறிகுறி எதுவுமே இல்லை, ஆனால் தரவு வெளியே கிடக்கிறது

பிழைச் செய்தி வந்தால் தேடுவோம். இதில் செய்தியே வராது, அதனால் எனக்கு இதுதான் அதிகக் கவலை.

க்யூகவ்2-வில் குறியாக்கம் ஒவ்வொரு அடுக்குக்கும் தனி. பூட்டிய வட்டை அடித்தளமாக வைத்து, மேலே ஒரு புதிய அடுக்கை 'கிரியேட் -பி' போட்டு உருவாக்கும்போது, அதற்கும் 'என்க்ரிப்ட்.ஃபார்மட்=லக்ஸ்' என்று சொல்லவில்லை என்றால் அந்த அடுக்கு வெட்டவெளிதான். அன்றிலிருந்து விஎம் எழுதுவதெல்லாம் அங்கே பூட்டில்லாமல் போய்ச் சேரும். 'கியூஎமு-இமேஜ் இன்ஃபோ --பேக்கிங்-செயின்' போட்டு, ஒவ்வொரு அடுக்கிலும் 'என்க்ரிப்டட்: எஸ்' வருகிறதா என்று எண்ணிப் பாருங்கள்.

இன்னும் உறுதி வேண்டுமென்றால், விஎம்முக்குள் ஒரு கோப்பில் வேறெங்கும் வராத ஒரு சொல்லை எழுதி 'சிங்க்' கொடுங்கள். பிறகு ஹோஸ்டில் எல்லா வட்டுக் கோப்புகளிலும் அந்தச் சொல்லை 'கிரெப்' கொண்டு தேடுங்கள். எங்கேயாவது கிடைத்தால் அந்தக் கோப்பு பூட்டப்படவில்லை.

'விர்ஷ் சேவ்', 'மேனேஜ்ட்சேவ்' இரண்டும் விஎம்மின் நினைவகத்தை ஹோஸ்டின் வட்டில் எழுதுகின்றன. அந்தக் கோப்புக்கு லக்ஸ் காவல் கிடையாது. திறந்திருந்த ஆவணங்கள், விஎம்முக்குள் தட்டிய கடவுச்சொற்கள் எல்லாம் அதில் இருக்கலாம். நீங்கள் கேட்காமலும் இது நடக்கும். 'லிப்விர்ட்-கெஸ்ட்ஸ்' சேவையின் அமைப்பில் 'ஆன்-ஷட்டவுன்' மதிப்பு 'சஸ்பெண்ட்' என்று இருந்தால், ஹோஸ்டை அணைக்கும் ஒவ்வொரு முறையும் நினைவகம் வட்டுக்குப் போகும். அதை 'ஷட்டவுன்' என்று மாற்றுங்கள். '/வார்/லிப்/லிப்விர்ட்/கியூஎமு/சேவ்' அடைவில் பழையது ஏதும் கிடக்கிறதா என்றும் பாருங்கள்.

அப்புறம், பூட்டிய நகல் தயாரானதும் பழைய சாதாரண வட்டை அழித்தீர்களே, அது. எஸ்எஸ்டியில் 'ஷ்ரெட்' போட்டாலும் பழைய பைட்டுகள் வேறு இடத்தில் தங்கியிருக்க வாய்ப்புண்டு. அதனால் முக்கியமான விஎம்மை முதலில் சாதாரணமாக நிறுவிவிட்டுப் பிறகு பூட்டுவதை நான் செய்வதில்லை. காலி வட்டைப் பூட்டிவிட்டு அதற்குள் நிறுவுகிறேன்.

அறிகுறி: கடவுச்சொல் யாரிடமும் இல்லை, ஆனால் விஎம் ஓடிக்கொண்டிருக்கிறது

மூச்சை இழுத்துவிட்டு முதலில் எல்லாரிடமும் சொல்லுங்கள்: இந்த விஎம்மையும் இந்த ஹோஸ்டையும் யாரும் அணைக்கக் கூடாது, அப்டேட் போடக் கூடாது. சாவி இப்போது கியூஎமுவின் நினைவகத்தில் இருக்கிறது. அது ஓடும்வரை தரவு திறந்தே இருக்கும்.

அடுத்து 'விர்ஷ் சீக்ரெட்-கெட்-வேல்யூ' முயன்று பாருங்கள். 'பிரைவேட்=எஸ்' என்று உருவாக்கியிருந்தால் சொல்ல மறுக்கும். அப்போது சீக்ரெட்ஸ் அடைவில் அதே யூயூஐடி பெயரில் பேஸ்64 கோப்பு இருக்கிறதா என்று பாருங்கள். கிடைத்தால் அவிழ்த்து, '-ஆர்' போட்ட கியூஎமு-ஐஓ கட்டளையை அந்தச் சாவியோடு, வட்டுக் கோப்பை ஒரு நகல் எடுத்து அந்த நகலின் மேல் ஓட்டிப் பாருங்கள்.

இரண்டும் கைகொடுக்கவில்லை என்றால் விஎம்முக்குள் நுழைந்து, 'ஆர்சிங்க்' கொண்டு தரவை வெளியே வேறொரு பூட்டிய வட்டுக்கு எடுங்கள். தரவுத்தளம் இருந்தால் கோப்புகளை நகலெடுப்பதோடு நிறுத்தாமல், அதற்குரிய டம்ப் கட்டளையால் முறையாக எடுங்கள். எடுத்ததை வேறொரு இயந்திரத்தில் திறந்து, நேற்றைய பதிவு ஒன்றையாவது கண்ணால் பார்த்த பிறகு பழைய விஎம்மை நிறுத்துங்கள்.